தூக்கி வந்தவன் பெயர்

கம்பளை
1877 அக்டோபர் 18, வியாழன்

அக்காவுக்கு,

சுகம் விசாரித்துத்தான் கடிதம் தொடங்கவேண்டும். நீ சுகமாக இல்லை, நானும் இல்லை. ஆகவே அதை விட்டுவிடுகிறேன்.

பால் தெளித்த அன்று நான் சத்தம் போட்டது தப்பு என்று மச்சான் ஆள்மூலம் சொல்லியனுப்பியிருந்தார். சத்தம் போட்டது தப்புத்தான். சொன்னது தப்பில்லை. ஒப்பாரியில் அப்பாவைப் பற்றி என்ன பாடினார்கள் என்று நீ காது கொடுத்துக் கேட்டாயா? தங்கத் தேர் ஏறி வந்த ராசா என்றார்கள். அப்பா ஏறியதெல்லாம் கோப்பி மூட்டை வண்டி. அதிர்ந்து பேசாத மவராசன் என்றார்கள். அவர் வீட்டுக்குள் பேசினால் பேராதனை ரோட்டில் போகிற வண்டிமாடு நிற்கும். வாரி வாரிக் கொடுத்த கை என்றார்கள். அவரிடம் ஒரு வெற்றிலை வாங்க எவ்வளவு நேரம் கதை கேட்கவேண்டும் என்று கோப்பி ஸ்டோரில் வேலை செய்த அத்தனை பேருக்கும் தெரியும்.

இதே பாட்டை ஆடி மாதம் ஸ்டோர்க் கணக்கப்பிள்ளை செத்தபோதும் பாடினார்கள். அதே தேர், அதே ராசா. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, யாரோ ஒரு அந்நியனுக்குக் கொள்ளி வைத்துவிட்டேனோ என்று தோன்றியது. அதனால்தான் நிறுத்தச் சொன்னேன். நான் யந்திரம் பழுது பார்க்கிறவன். பல் உடைந்த சக்கரத்தை உடைந்தது என்று எழுதினால்தான் அடுத்து வேலை செய்ய முடியும். நன்றாக ஓடுகிறது என்று எழுதினால் துரை சந்தோஷப்படுவார், யந்திரம் நிற்கும்.

கருமாதிக்கு என்னென்ன வாங்கவேண்டும் என்று எழுது. இங்கே தோட்டங்களில் பழம் சிவந்து கொட்டுகிறது. பழத்தோல் உரிக்கிற யந்திரங்கள் ஒன்று மாற்றி ஒன்று நிற்கின்றன, என்னை மூன்று துரைமார் மூன்று பக்கம் இழுக்கிறார்கள். ஆனாலும் வருவேன்.

தம்பி
அழகமுத்து


முருகன் துணை

கண்டி
ஈஸ்வர வருஷம் ஐப்பசி 4, வெள்ளி

தம்பி அழகமுத்துவுக்கு அக்காள் ரத்தினம்மா எழுதிக்கொள்வது.

உன் கடிதத்தை உன் மச்சான் வாசித்துவிட்டு மடித்து அலுமாரிக்குள் வைத்தார். பிறகு நான் எடுத்து வாசித்தேன். கொழும்பு இரும்புப் பட்டறையில் உனக்குக் கழற்றவும் பூட்டவும் சொல்லித்தந்தவர்கள், துக்க வீட்டில் எப்படி உட்காரவேண்டும் என்று சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. ஒப்பாரிக்கு முன்கை எடுத்த பாலம்மா அக்கா ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனாள். "ஒந் தம்பிக்கு எங்க பாட்டு ருசிக்கலேன்னா அவனையே மாரடிச்சுப் பாடச் சொல்லு ரத்தினம், நாங்க வந்து கேக்குறோம்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பாட்டில் இருந்தது அப்பா இல்லை என்று எனக்கும் பட்டது.

நேற்று ஹந்தானைப் பக்கமிருந்து ஈரக்காற்று வந்தது, கோப்பிப் பழத்தோல் அழுகுகிற புளித்த வாசனையோடு. நாம் தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் ஐப்பசி என்றால் அந்த வாசனைதான். ஞாபகம் இருக்கிறதா? அப்பா களத்தில் காய்கிற கொட்டையைக் காலால் கிளறிக்கொண்டே நடப்பார். நீ அவர் கால் பட்ட தடத்திலேயே கால் வைத்துப் பின்னால் நடப்பாய், உன் கால் எட்டாமல் குதித்துக் குதித்து. மலை இருட்டிக்கொண்டு வந்தால் எல்லோரும் ஓடிவந்து கொட்டையை வாரி மூடிவிட்டு ஸ்டோருக்குள் ஒண்டுவோம். மூட்டைமேல் ஏறி உட்காருவோம். தகரத்தில் மழை விழும். "மேஸ்திரி, எடுத்து விடுங்க" என்று யாராவது ஆரம்பித்துவைப்பார்கள். அப்பாவுக்கு அது போதும்.

அக்கரையிலிருந்து தோணியேறி மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே நடந்து வந்த கதை. தம்புள்ளை தாண்டி, கூட நடந்த இருளப்பனுக்குக் காய்ச்சலில் கால் விழுந்துவிடும். விட்டுட்டு வாங்கடா என்று கூட்டிவந்த கங்காணி முன்னால் போய்விடுவான். அப்பா அவனைத் தூக்கி முதுகில் போட்டுக்கொள்வார். நாலந்தா ஏற்றம் முழுக்க நடப்பார். அந்த இடத்தில் வெற்றிலையைத் துப்பிவிட்டு நம் ஒவ்வொருவர் முகத்தையும் பார்ப்பார். அப்புறம் குரலை இறக்கி, "இருளப்பா, எறங்குடா, மாத்தளை வந்துருச்சு" என்பார். எத்தனை தடவை கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் அந்த வரிக்குக் காத்திருப்பேன். இருளப்பன் மாத்தளைச் சீக்காளிக் கொட்டகையிலேயே வாந்திபேதியில் போய்விட்டதை மட்டும் அவசர அவசரமாகச் சொல்லி முடித்துக்கொள்வார்.

அதற்குத்தான் எழுதுகிறேன். நீ படித்தவன், வழக்கத்தை மறந்திருப்பாய். கருமாதி அன்று இலை போடுவதற்கு முன்னால் வழி சொல்லவேண்டும். ஒரே கங்காணி கூட்டத்தில் நடந்து வந்தவர்களில் ஒருவர் எழுந்து, இவன் இப்படி நடந்து வந்தான், நான் கண்டேன் என்று சபையில் சொல்லவேண்டும். வழியிலே விழுந்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லாமல் போனது, வந்து சேர்ந்தவர்களுக்காவது சொல்வோம் என்று பழையவர்கள் வைத்தது. அப்பாவோடு நடந்தவர்களில் மிச்சம் இருப்பது இருளப்பனுடைய பெண்சாதி மூக்காயி அத்தை ஒருத்திதான். கெலிஓயாவில் ஆப்பம் சுட்டு விற்கிறாள். உனக்குக் கிட்ட. நீ போய் அழைத்துவிட்டு வா. அப்பாவின் கதையை அவள் வாயால் சபை கேட்டால் எனக்கு அது போதும்.

தேங்காய், பழம் எல்லாம் இங்கே வாங்கிக்கொள்கிறோம். நீ கோபத்தைக் கொண்டுவராமல் இருந்தால் சரி.

அக்காள்
ரத்தினம்மா


கம்பளை
1877 அக்டோபர் 21, ஞாயிறு

அக்காவுக்கு,

இன்று வேலை இல்லை. கெலிஓயாவுக்குப் போய்வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உட்கார்ந்து வாசி.

கடைத்தெருவில் ஹவ்வா உம்மா என்கிறவருடைய கடை வாசலில்தான் மூக்காயி அத்தை அடுப்புப் போட்டிருக்கிறாள். ஹவ்வா உம்மா கடைக்குள் கதிரையில் உட்கார்ந்து வியாபாரத்தையும் அடுப்பையும் சேர்த்துக் கவனித்துக்கொள்கிறார். அப்பா போன விஷயம் அத்தைக்கு முன்பே வந்திருந்தது. சின்னப் பிள்ளையில் கண்டது, அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நான் இன்னார் மகன் என்றதும் என் காதைத்தான் பார்த்தாள். அப்பா காதாம்.

கருமாதிக்கு வந்து வழி சொல்லவேண்டும் என்று அக்கா கேட்கிறது என்றேன். என்ன சொல்லவேண்டும் என்றாள். எங்கப்பா உங்கள் வீட்டுக்காரரைத் தூக்கி வந்த கதையை என்றேன். ஆப்பச்சட்டியை மூடிவைத்தாள்.

"தூக்குனது ஒங்கப்பன் இல்ல தம்பி. எங்க ஆளு. ஒங்கப்பன் அவரு முதுகுல வந்தான்."

ஒரு விஷயம் தலைகீழாக வந்தால், சொன்ன ஆள் கண்ணால் பார்த்தாரா என்றுதான் நான் முதலில் கேட்பேன். கேட்டேன். சட்டி பானை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே நடந்தவள் அவள்.

விஷயம் இதுதான். காய்ச்சல் வந்தது அப்பாவுக்கு. கால் விழுந்தது அப்பாவுக்கு. இருளப்பன் தூக்கிக்கொண்டார். ஒருத்தன் ஒருத்தனைச் சுமந்துகொண்டு வருகிறான் என்ற செய்தி இவர்களுக்கு முன்னால் மாத்தளைக்குப் போய்விட்டது. அங்கே கொட்டகை வாசலில் ஆள் பிரித்துக்கொண்டிருந்தார்கள், தெம்பானவன் தோட்டத்துக்கு, சீக்காளி கொட்டகைக்கு. கொட்டகைக்குள் போனவர்களில் திரும்பியவர்கள் குறைவு என்று எல்லோருக்கும் தெரியும். வாசல் கண்ணில் பட்டதும் இருளப்பன் அப்பாவை இறக்கி, இடுப்பைப் பிடித்து நிறுத்தி வைத்தார். சுமந்து வந்தது யாரு, சுமக்கப்பட்டது யாரு என்று வாசலில் ஆள் பிரித்தவன் கேட்டான். இருளப்பன் முந்திக்கொண்டு, இவன்தான் என்னைச் சுமந்தான் என்று சொல்லிவிட்டார். தன் உடம்பு இரும்பு, இரண்டு நாளில் வெளியே வந்துவிடலாம் என்று நினைத்தார். அப்பா வாய் திறக்கவில்லை. திறக்கிற நிலையில் இருந்தாரா, இருந்தும் திறக்கவில்லையா என்று அத்தையிடம் கேட்டேன். "அத அவன் செத்த பெறகு நான் சொல்லப்படாது" என்றாள்.

இருளப்பன் கொட்டகையிலிருந்து வெளியே வரவில்லை. அப்பா ஹந்தானைக்கு வந்தார். ஆளைச் சுமந்து வந்த தெம்பானவன் என்று அவருக்கு நல்ல வேலை கிடைத்தது. மேஸ்திரி ஆனார். மிச்சம் உனக்குத் தெரியும்.

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷம் உங்கள் முன்னாலேயே அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாரே, நீங்கள் ஏன் எழுந்து இன்னார்தான் தூக்கினார் என்று சொல்லவில்லை என்று கேட்டேன். கடைக்குள்ளிருந்து ஹவ்வா உம்மா பதில் சொன்னார்: "அவ எப்பிடி மகன் சொல்லுவா? புருசன்ட பேர பொஞ்சாதி வாயால சொல்ற பழக்கம் உங்கட ஆக்கள்கிட்ட இல்லையே."

பிறகு அத்தை சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"மொத ரெண்டு வருசம் ஒங்கப்பன் மூஞ்சியில நான் முழிக்கல. ஒரு நா களத்துல நின்னு சொல்லிக்கிட்டிருந்தான். பொய்தான். ஆனா அந்தப் பேர வாய் நெறையச் சொன்னான் தம்பி. நான் சொல்லக்கூடாத பேரு. சொல்றதுக்கு எனக்குப் புள்ளையும் இல்ல. ஒங்கப்பன் சொல்லலேன்னா அப்புடி ஒருத்தன் பொறந்தான்னு இந்தக் கண்டிச்சீமையில யாருக்குத் தெரியும்? அதுக்கப்புறம் அவன் எங்க கத சொன்னாலும் போயி பின்னால நின்னுக்குவேன்."

அவள் இரண்டு ஆப்பம் கொடுத்தாள். தின்றேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

இப்போது என் முடிவு. அப்பாவின் கதையைச் சபையில் சொல்லக்கூடாது. உள்ளதைச் சொல்லவேண்டும். அத்தை வருவாள். என்ன சொல்வீர்கள் என்று கேட்டதற்கு, "ரத்தினம் எதைச் சொல்லச் சொல்லுதோ அதச் சொல்றேன்" என்றாள். ஆகவே அது உன் கையில் இருக்கிறது. நீ அவளைப் பொய் சொல்லச் சொன்னால் நான் எழுந்து உள்ளதைச் சொல்வேன்.

தம்பி
அழகமுத்து


கண்டி
ஈஸ்வர வருஷம் ஐப்பசி 8, செவ்வாய்

அழகமுத்துவுக்கு,

இந்தக் கடிதத்தை உன் மச்சானுக்குக் காட்டவில்லை. வாசித்ததும் அடுப்பில் போட்டுவிட்டேன். போட்ட பிறகும் வரி வரியாக ஞாபகம் இருக்கிறது, அதற்கு என்ன செய்வது?

அத்தை பொய் சொல்லமாட்டாள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சொல்லப்போனால் எனக்கு ஆச்சரியம்கூட வரவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தக் கதையை முடிக்கிறபோது அப்பா யார் முகத்தையும் பார்க்கமாட்டார். சின்ன வயதிலேயே கண்டிருக்கிறேன். துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் நீ ஒன்றை யோசித்தாயா? அப்பா என்ன போட்டு என்னை அனுப்பினார்? நகையா, நிலமா? என் மாமனார் லயத்துப் பெண் என்று முகம் சுளித்துக்கொண்டுதான் வந்தார். அன்றைக்கும் மழை. ஸ்டோரில் ஒதுங்கி நின்றவர் அப்பாவின் கதையைக் கேட்டார். "விழுந்தவன வழியில விடாமத் தூக்கியாந்தவன் மக, எங் குடும்பத்தையும் விடமாட்டா" என்று சொல்லி அன்றைக்கே பூ வைத்தார். அந்த வார்த்தையை இன்றுவரைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். கருமாதி அன்று முன்வரிசையில் அவர்தான் உட்காருவார். நீ எழுந்து உள்ளதைச் சொல்லிவிட்டு ரயில் ஏறிவிடுவாய். நான் அந்த வீட்டில் மறுநாள் அடுப்புப் பற்றவைக்கவேண்டும்.

செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்லமுடியாத நேரத்தில் அவர்மேல் குற்றம் சொல்வதை நீ உண்மை என்கிறாய். எனக்கு அது உண்மை மாதிரித் தெரியவில்லை. ஓடமுடியாத ஆளை அடிக்கிற மாதிரித் தெரிகிறது.

அப்பாவுக்கு மகன் நீ ஒருவன்தான், கருமத்தை நீதான் செய்யவேண்டும். கெட்டம்பே ஆற்றங்கரைக்கு வா. செய். அங்கிருந்து அப்படியே பேராதனைக்கு நடந்து ரயிலைப் பிடி. வீட்டுக்கு வராதே. வந்தால் வாயைத் திறப்பாய்.

ரத்தினம்மா


கம்பளை
1877 அக்டோபர் 25, வியாழன்

அக்காவுக்கு,

சரி. ஆற்றங்கரையோடு போய்விடுகிறேன். உன் வீடு, உன் அடுப்பு, நீ சொல்வதுதான்.

உன் மாமனார் விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் போன கடிதத்தை வேறுமாதிரி எழுதியிருப்பேன். வேறு விஷயத்தை எழுதியிருக்கமாட்டேன், ஆனால் வேறுமாதிரி எழுதியிருப்பேன்.

நான் பேச எழுதி வைத்திருந்தது இவ்வளவுதான்: "செல்லச்சாமி தன் காலால் மாத்தளைக்கு வரவில்லை. இருளப்பன் முதுகில் வந்தார். இருளப்பன் அவருக்காகக் கொட்டகைக்குள் போய்ச் செத்தார். செல்லச்சாமி அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டு வாழ்ந்தார்." ஒரு வார்த்தை கூடுதலும் இல்லை, ஒரு வார்த்தை குறைவும் இல்லை. இரவல் பாட்டைவிட இது மேல் என்று இப்போதும் நினைக்கிறேன். நான் செத்தால் தேர் ஏறிய ராசா என்று யாரும் பாடவேண்டாம். என்ன செய்தேனோ அதைச் சொல்லட்டும்.

எழுதி முடித்துவிட்டுத் திரும்ப வாசித்தேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கேயோ ஒரு திருகாணி விடுபட்ட மாதிரி இருக்கிறது, எது என்று பிடிபடவில்லை. வாசிக்க வாசிக்க வேறு ஒன்று ஞாபகம் வந்து தொந்தரவு செய்தது. பேச்சுக்குச் சம்பந்தம் இல்லாதது. சும்மா எழுதுகிறேன்.

எனக்கு ஆறு ஏழு வயதிருக்கும். கோப்பிச் செடி வெட்டுகிற கத்தியை மிதித்துப் பாதம் பிளந்தது. நீ அப்போது பள்ளிக்கூடம் போயிருந்தாய். அப்பா தலைப்பாகையை அவிழ்த்துக் காலைக் கட்டி, முதுகில் போட்டுக்கொண்டு ஹந்தானையிலிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்கு இறங்கினார். கோப்பி பூத்திருந்த நேரம். மலை முழுக்க வெள்ளை. அவர் கழுத்து வியர்வையும் பூ வாசனையும் கலந்து வந்தது. வழியில் ஸ்டோர் ஆட்கள், வண்டிக்காரர்கள், என்னிடம் கொடு மேஸ்திரி, கொஞ்சத் தூரம் நான் சுமக்கிறேன் என்று கை நீட்டினார்கள். ஒருவரிடமும் கொடுக்கவில்லை. வாய் திறந்து பதில்கூடச் சொல்லவில்லை. அப்பா பேசாமல் நடந்தது எனக்குத் தெரிந்து அந்த ஒரு நாள்தான். அதை அவர் பிறகு யாரிடமும் கதையாகச் சொன்னதும் இல்லை. நானாக ஒரு தடவை எடுத்தபோது, அது கிடக்குது விடு என்று எழுந்து போய்விட்டார்.

இத்தனை கதை அளந்த மனிதர் அதை மட்டும் ஏன் சொல்லவில்லை என்று அப்போது விளங்கவில்லை.

ஞாயிறு காலை ஆற்றங்கரையில் இருப்பேன்.

தம்பி
அழகமுத்து


கண்டி
ஈஸ்வர வருஷம் ஐப்பசி 15, செவ்வாய்

தம்பி அழகமுத்துவுக்கு அக்காள் எழுதுவது.

நீ மொட்டைத் தலையோடு ஆற்றங்கரையிலிருந்தே போய்விட்டாய் என்று உன் மச்சான் வந்து சொன்னார். நான் சொன்னபடிதான் செய்தாய். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

மூக்காயி அத்தை வந்து அடுப்படியில் என்னோடு காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்காமலே, என்ன சொல்லணும் ரத்தினம் என்று கேட்டாள். அப்பா சொல்ற மாதிரியே சொல்லிடுங்க அத்தை என்றேன். சரி என்றாள். மேலே ஒரு கேள்வி இல்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் மாற்றிச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

வாசலில் பாய் விரித்துக் கூட்டம் உட்கார்ந்திருந்தது. என் மாமனார் முன்வரிசையில். பெண்கள் பக்கம் பாலம்மா அக்கா வந்திருந்தாள், உன்மேல் உள்ள கோபத்தை அப்பாமேல் காட்டக்கூடாது என்று. அத்தை எழுந்து நின்றாள். மெல்லிய குரல், எல்லோரும் முன்னுக்குச் சாய்ந்துதான் கேட்டார்கள். மன்னார்க் காடு, சேற்றுத் தண்ணீரைச் சீலைத்துணியில் வடித்துக் குடித்தது, காட்டில் விட்டுவந்த ஆட்கள் கூப்பிடுகிற சத்தம் பின்னாலேயே வந்தது. அப்பா இதெல்லாம் சொன்னதில்லை. பெரியவர்கள் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களும் அந்த வழி வந்தவர்கள்தானே, வேறு வேறு கூட்டத்தில்.

பிறகு அந்த இடம் வந்தது. "ஒருத்தனுக்குக் காலு விழுந்துருச்சு. கூட வந்தவன் அவனத் தூக்கி முதுகுல போட்டுக்கிட்டான். தூக்குனவன் பேரு" என்றாள்.

நின்றுவிட்டாள்.

செல்லச்சாமி என்று சொல்லத்தான் எழுந்தாள். எனக்காக அதைச் சொல்ல அவள் தயாராகத்தான் வந்திருந்தாள். ஆனால் அந்த வழியை முழுக்க நடந்து அந்த இடத்துக்கு வந்தபோது அவள் நாக்குக்கு வந்த பெயர் அது இல்லை. வந்த பெயரைச் சொல்லவும் அவளுக்கு முறை இல்லை. வாய் திறந்தபடி நின்றாள்.

மறந்துவிட்டாள் என்று நினைத்து, "செல்லச்சாமிதானே ஆத்தா, சொல்லுங்க" என்று பின்னாலிருந்து யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். ஆமா ஆமா, மேஸ்திரிதான், என்று இன்னும் நாலு குரல். ஆனால் பெண்கள் பக்கம் சத்தமே இல்லை. ஒரு பெண்பிள்ளை எந்தப் பெயரில் அப்படி நிற்பாள் என்று அவர்களுக்குத் தெரியாதா? பாலம்மா அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அத்தையும் பார்த்தாள். அவள் கண்ணில் என்மேல் குற்றமே இல்லை தம்பி. நீ என்ன சொன்னாலும் சரி என்கிற மாதிரிப் பார்த்தாள். அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

"இருளப்பன்" என்றேன்.

சபைக்குக் கேட்கவில்லை. எழுந்து நின்று திரும்பச் சொன்னேன். "தூக்குனது இருளப்பன். எங்கப்பா அவரு முதுகுல வந்தாரு." கொட்டகை வாசலில் நடந்ததைச் சொன்னேன். அப்பா கதையை மாற்றிச் சொன்னதைச் சொன்னேன். நீ எழுதி வைத்திருந்த அதே விஷயம்தான். ஆனால் அதோடு என்னால் உட்கார முடியவில்லை, அது முடிந்த மாதிரி இல்லை. அதனால் நீ பேச்சுக்குச் சம்பந்தம் இல்லை என்று எழுதினாயே, அதைச் சொன்னேன். உன் கால் பிளந்தது, தலைப்பாகை, அவர் யாரிடமும் உன்னைக் கொடுக்காமல் வாய் பேசாமல் இறங்கியது. "எங்கப்பா தூக்குனதாச் சொன்ன கதையில அவரு யாரையும் தூக்கல. தூக்குன கதைய அவரு சொல்லவே இல்ல. ரெண்டும் எங்கப்பாதான்" என்றேன். உட்கார்ந்தேன்.

தம்பி, உன் பேச்சில் விடுபட்டது அதுதான். நீ அதை ஓரமாக எழுதிவிட்டு, சம்பந்தம் இல்லாதது என்று போட்டிருக்கிறாய்.

என் மாமனார் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "ஒனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார். இந்த வாரந்தான் மாமா என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "இலை போடுங்க" என்றார். அவ்வளவுதான். அதில் கோபம் இருந்ததா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நேற்றும் இன்றும் என்னிடம் பேசவில்லை. ஆனால் இன்று காலை வந்தவர் ஒருவரிடம், எம் மருமக சபையில எழுந்து பேசுச்சு என்று சொல்வது காதில் விழுந்தது. நல்லதாகச் சொன்னாரா கெட்டதாகச் சொன்னாரா, அதுவும் தெரியவில்லை. இருந்து பார்க்கிறேன்.

இலை போட விடவில்லை பாலம்மா அக்கா. "கொஞ்சம் பொறுங்க. அந்த மனுசனுக்கு யாராச்சும் அழுதாங்களா?" என்று அத்தையிடம் கேட்டாள். கொட்டகையில செத்தவங்களுக்கு யாரு அழுதா என்றாள் அத்தை. பாலம்மா அக்கா தலைமயிரை அவிழ்த்து உட்கார்ந்துவிட்டாள். தேரும் இல்லை, ராசாவும் இல்லை. நாலந்தா ஏற்றமும் முதுகும் கொட்டகை வாசலும்தான் பாட்டில் வந்தது. அந்தப் பெயரை அவள் இழுத்து இழுத்துப் பாடப் பாட அத்தை வாயைச் சீலையால் பொத்திக்கொண்டு, ஒவ்வொரு தடவை அந்தப் பெயர் வரும்போதும் தலையை ஆட்டினாள். பிறகு அதே ராகத்தில் அப்பாவுக்கும் பாடினார்கள், முதுகில் வந்ததையும் உன்னைச் சுமந்ததையும். உனக்குப் பிடித்திருக்கும். நீ இருந்திருக்கவேண்டும். உன்னை வராதே என்று சொன்னது நான்தான்.

அக்காள்
ரத்தினம்மா


கம்பளை
1877 நவம்பர் 2, வெள்ளி

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. யந்திரம் ஓடுகிற கொட்டகையில் நின்று வாசித்தேன். முடிக்க முடியாமல் வெளியே வந்து வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்து மிச்சத்தை வாசித்தேன். துரை வந்து, தலைவலியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அது பொய்.

நான் பேசியிருந்தால் எல்லாம் சரியாகச் சொல்லியிருப்பேன். உன் மாமனார் எழுந்து போயிருப்பார், அத்தை நின்ற இடத்தில் நின்றிருப்பாள், நான் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று ரயில் ஏறியிருப்பேன். உனக்கு எதிராக நான் வாதாடிய விஷயத்தை நீ என்னைவிட நன்றாகச் செய்திருக்கிறாய். இதை எழுத எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

உன் மாமனார் பேசவில்லை என்றால் எனக்கு எழுது. நான் வந்து அவர் எதிரில் உட்காருகிறேன். வாய் திறக்கமாட்டேன். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். நாளை மாலை ரயிலில் எப்படியும் வருகிறேன், வீட்டுக்கே வருகிறேன்.

இன்னொன்று. நேற்றுக் காலை வேலைக்குப் போகும்போது ஸ்டேஷன் பக்கத்தில் புதுக் கூட்டம் ஒன்று குந்தியிருந்தது. அக்கரையில் பஞ்சம் என்று இப்போது நாள் தவறாமல் வருகிறார்களே, அப்படி ஒன்று. எலும்பும் தோலுமாக இருந்தார்கள். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கையில் பென்சிலோடு வந்து, வழியில எத்தன போச்சு என்று கங்காணியைக் கேட்டான். கங்காணி எண்ணிக்கை சொன்னான். கணக்கப்பிள்ளை எழுதிக்கொண்டு போய்விட்டான்.

எனக்கு யந்திரக் கொட்டகையில் வேலை காத்துக்கொண்டிருந்தது. ஆனால் கால் நகரவில்லை. முன்னால் இருந்த கிழவரிடம் போய், போனவர்களின் பெயர் என்ன என்று கேட்டேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். அரசாங்க ஆள் என்று நினைத்திருப்பார். சும்மாதான் கேட்கிறேன் என்றேன். அவர் ஒரு பெயர் சொன்னார். பக்கத்தில் இருந்த பெண் இன்னொன்று சொன்னாள். ஒரு பெண் ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாள், அவள் பங்குக்கு அவளுடைய மாமியார் சொன்னாள். பிறகு ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள், எந்த ஊர், எந்த இடத்தில் விழுந்தார்கள், கடைசியாக என்ன கேட்டார்கள் என்று.

அது முடிய வெகுநேரம் பிடித்தது. நின்று கேட்டேன்.

தம்பி
அழகமுத்து